3 நாள் வேலையும் 76 நாள் காத்திருப்பும்

வணக்கம்.

மென்பொருள் நிறுவனம் ஒன்றில் டீம் லீடாக இருக்கிறேன். வேலையைச் சிறு துண்டுகளாகப் பிரித்து அடிக்கடி முடித்துக் கொடுக்கும் அஜைல் முறைக்கு நாங்கள் மாறி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஸ்பிரிண்ட் என்ற இரண்டு வார வேலைச் சுற்று, தினமும் ஸ்டாண்ட்-அப் என்ற சிறு கூட்டம், சுற்று முடிந்ததும் நடந்ததை அலசும் ரெட்ரோ எல்லாம் தவறாமல் நடக்கின்றன. ஆறு பேர் உள்ள எங்கள் டீமின் வேலைப் பலகையில், அதாவது போர்டில், இப்போது 24 கார்டுகள் முடியாமல் கிடக்கின்றன; ஒரு கார்டு என்றால் ஒரு வேலை. வாரத்துக்கு நான்குதான் முடிகின்றன.

அண்மையில் ஒரு படிவத்தில் ஒரே ஒரு கட்டம் சேர்க்கச் சொன்னார்கள். ஜனவரி 6-ல் கேட்டது பிப்ரவரி 10-ல் ஸ்பிரிண்டுக்குள் வந்தது. 12-ல் கோட் முடிந்தது. டெஸ்டர் 20-ல் எடுத்து 21-ல் முடித்தார். பாதுகாப்புப் பிரிவின் ஒப்புதல் மார்ச் 7-ல் கிடைத்தது. மாதாந்திர ரிலீஸில் மார்ச் 26-ல் பயனரிடம் போய்ச் சேர்ந்தது. மேலிடத்தில் காரணம் கேட்டால் "உங்கள் வெலாசிட்டி ஏறவில்லை", அதாவது ஒரு ஸ்பிரிண்டில் டீம் முடிக்கும் வேலையின் அளவு கூடவில்லை என்கிறார்கள். எங்கே தவறு செய்கிறோம்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் கேள்விக்கான பதில் நீங்கள் எழுதிய தேதிகளிலேயே இருக்கிறது. ஜனவரி 6 முதல் மார்ச் 26 வரை 79 நாள். அதில் கோட் எழுத 2 நாள், டெஸ்ட் செய்ய 1 நாள். மீதி 76 நாளும் அந்தக் கார்டை யாரும் தொடவில்லை. உங்கள் டீம் இரண்டு மடங்கு வேகமாகக் கோட் எழுதினாலும் 79 என்பது 78 ஆகும், அவ்வளவுதான். வெலாசிட்டியைப் பிடித்துத் தொங்குவதில் பயனில்லை என்று சொல்ல இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

பெரும்பாலான நிறுவனங்கள் அஜைலுக்கு மாறும்போது டீமின் காலண்டரை மாற்றுகின்றன. வேலை வந்து சேரும் வழியையும் வெளியே போகும் வழியையும் பழையபடியே விட்டுவிடுகின்றன. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 பேர் கூடி எழுதிய அஜைல் அறிக்கையில் 4 மதிப்புகளும் 12 கோட்பாடுகளும் உண்டு. ஸ்பிரிண்ட், ஸ்டாண்ட்-அப் என்ற சொற்கள் அதில் கிடையாது. இயங்கும் மென்பொருளை இரண்டு வாரம் முதல் இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது கையில் கொடு, முடிந்தவரை குறுகிய இடைவெளியில் கொடு என்பது அதில் உண்டு. உங்களிடம் சடங்குகள் எல்லாம் வந்துவிட்டன, கையில் கொடுப்பது மட்டும் வரவில்லை.

முதலில் செய்ய வேண்டியது, கடைசியாக முடிந்த பத்து கார்டுகளுக்கு இதே போல் தேதிகளை எழுதுவது. கேட்ட நாள், எடுத்த நாள், கோட் முடிந்த நாள், டெஸ்ட் தொடங்கிய நாள், முடிந்த நாள், ஒப்புதல் நாள், பயனர் கைக்குப் போன நாள். ஒரு மணி நேர வேலை இது. பத்து கார்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், காத்திருப்பு எந்த இடத்தில் குவிகிறது என்று தெரிந்துவிடும். அந்த ஒரு தாளுக்கு மேலிடத்தில் கிடைக்கும் மரியாதை நூறு ஸ்லைடுகளுக்குக் கிடைக்காது.

இனி உங்கள் 24 கார்டுகள். அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லிட்டில் 1961-ல் நிரூபித்த ஒரு கணக்கு உண்டு: கையில் திறந்திருக்கும் வேலையை, முடியும் வேகத்தால் வகுத்தால் ஒரு வேலை சராசரியாக எவ்வளவு காலம் உள்ளே கிடக்கும் என்று வரும். 24-ஐ 4-ஆல் வகுத்தால் 6 வாரம். உங்கள் படிவக் கட்டம் ஸ்பிரிண்டுக்குள் வந்ததிலிருந்து வெளியே போக 44 நாள் ஆனது, அதாவது ஆறு வாரத்துக்குச் சற்று மேல். கணக்கு பிசகவில்லை. முடிக்கும் வேகத்தை ஒரே நாளில் கூட்ட முடியாது. திறக்கும் எண்ணிக்கையை நாளைக்கே குறைக்கலாம். 8 கார்டுக்கு மேல் திறப்பதில்லை என்று வைத்து, அதே வேகத்தில் முடித்தால் சராசரி 2 வாரம்.

இந்த வரம்பு பெரும்பாலும் இரண்டு இடங்களில் உடைகிறது. எட்டு நிறைந்ததும் ஒரு டெவலப்பருக்குப் புதுக் கார்டு எடுக்க வழியிருக்காது. அவர் சும்மா இருப்பதாக மேனேஜருக்குத் தோன்றும், "அடுத்ததைத் தொடங்குப்பா" என்பார். வரம்பு அன்றோடு போயிற்று. அந்த நேரத்தில் அவர் டெஸ்ட்டுக்குக் காத்திருக்கும் கார்டை எடுத்து டெஸ்ட் செய்ய வேண்டும், அல்லது இன்னொருவர் மாட்டிக்கொண்டிருக்கும் வேலையில் பக்கத்தில் உட்கார வேண்டும். உங்கள் கார்டு டெஸ்டரிடம் 8 நாள் கிடந்தது இதனால்தான்: எழுத ஐந்து பேர், சோதிக்க ஒருவர் என்று இருக்கும் டீமில் எல்லோரும் எழுதிக்கொண்டே இருந்தால் அந்த ஒருவர் முன்னால் வரிசை நீளத்தான் செய்யும். இரண்டாவது, "பிளாக்டு" (தடைபட்டது) என்று ஒரு புதுக் கட்டத்தை போர்டில் திறந்து கார்டுகளை அங்கே தள்ளிவிட்டு, வரம்புக்குள் இருக்கிறோம் என்பது. பிளாக்டு கார்டும் எட்டில் ஒன்றுதான். ஒப்புதலுக்கும் ரிலீஸுக்கும் காத்திருப்பதும் அதில் சேர்த்திதான். அப்படி எண்ணினால்தான் அதை விடுவிக்க யாராவது போய்க் கதவைத் தட்டுவார்கள். அவசர வேலைக்கு ஒரே ஒரு இடம் ஒதுக்குங்கள். இரண்டாவது அவசரம் வந்தால், எது முதல் என்பதை வேலையைக் கேட்டவர்களே தீர்மானிக்கட்டும்.

பாதுகாப்பு ஒப்புதலுக்கு ஆன 14 நாளுக்கு அங்கே இருப்பவரைக் குறை சொல்லாதீர்கள். வேலைகள் ஒழுங்கில்லாமல் வந்து ஒரே ஆளிடம் சேரும் எளிய வரிசைக் கணக்கைப் பாருங்கள். அவர் நேரத்தில் 80 சதவீதம் நிரம்பியிருந்தால், ஒரு வேலையைச் செய்ய ஆகும் நேரத்தைப் போல் சராசரியாக 4 மடங்கு காத்திருக்க வேண்டும். 90 சதவீதம் என்றால் 9 மடங்கு. 95 என்றால் 19 மடங்கு. எல்லோரையும் முழுநேரமும் வேலையில் வைத்திருக்க வேண்டும் என்ற ஆசையே தாமதத்தை உண்டாக்குகிறது என்பதை நிர்வாகத்துக்குப் புரியவைப்பதுதான் மிகக் கடினம். ஆனால் அதைப் புரியவைக்காமல் வேறு எது செய்தாலும் நிலைக்காது. நடைமுறையில், ஆபத்தில்லாத மாற்றங்களின் வகைகளை அவரோடு உட்கார்ந்து எழுதி, அந்த வகைக்கு முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிவிடலாம். புதிதாகத் தனிநபர் தகவல் வாங்கும் கட்டம் என்றால் அவர் பார்க்கட்டும். கருத்து எழுதும் கட்டத்தின் நீளத்தைக் கூட்டுவதற்கு அவர் எதற்கு?

மாதாந்திர ரிலீஸ் உங்கள் 79-இல் 19 நாளைத் தின்றது. மாதம் ஒருமுறை என்றால் ஒரு மாதத்து மாற்றங்கள் எல்லாம் ஒன்றாகப் போகும். ஏதாவது உடைந்தால் அத்தனையில் எது என்று தேட வேண்டும். தேடி நொந்தவர்கள் அடுத்த முறை இன்னும் ஒரு ஒப்புதல் படி சேர்ப்பார்கள், ரிலீஸ் இன்னும் தள்ளிப்போகும், மூட்டை இன்னும் பெருக்கும். இந்தச் சுழலை நிறுத்த, மாதம் ஒன்றை இரண்டு வாரத்துக்கு ஒன்று, பிறகு வாரம் ஒன்று என்று படிப்படியாகக் கொண்டுவாருங்கள். அதற்கு முன் இரண்டு வேலை பாக்கி இருக்கிறது. பயனர்கள் அதிகம் போகும் ஐந்து வழிகளுக்காவது தானியங்கி டெஸ்ட் வேண்டும். ரிலீஸைத் திரும்பப் பெற எத்தனை நிமிடம் ஆகிறது என்று ஒருமுறை உண்மையிலேயே செய்து பார்க்க வேண்டும். திரும்பப் பெறத் தெரியாத டீம் அடிக்கடி ரிலீஸ் செய்வது ஆபத்து. ஸ்பிரிண்ட் முடியும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. ஸ்பிரிண்டை வைத்து இயங்கும் ஸ்க்ரம் என்ற அஜைல் முறையின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டியே, ஸ்பிரிண்ட் முடிவதற்கு முன்னால் கொடுக்கலாம், ஸ்பிரிண்ட் முடிவில் நடக்கும் ரிவ்யூ கூட்டம் ரிலீஸுக்கான வாசற்கதவு அல்ல என்கிறது.

அதே வழிகாட்டியில் வெலாசிட்டி, ஸ்டோரி பாயிண்ட் (ஒரு வேலை எவ்வளவு பெரியது என்று டீம் போடும் எண்) என்ற சொற்களும் கிடையாது. டீம் தன் கொள்ளளவைத் தானே ஊகிக்க ஒரு கருவியாக அவை உதவும். மேலிடம் அதை இலக்காக்கினால் நேற்று 3 பாயிண்டாக இருந்த வேலை இன்று 5 ஆகிவிடும். யாரும் பொய் சொல்ல வேண்டியதில்லை, தயக்கம் வரும்போதெல்லாம் பெரிய எண்ணைச் சொன்னால் போதும். மேலிடத்துக்குக் காட்ட, கேட்ட நாளிலிருந்து கையில் சேர்ந்த நாள்வரை எத்தனை நாள் என்ற ஒரு எண் போதும்.

ஸ்டாண்ட்-அப்பைப் பற்றி ஒரே வரி: ஆள் ஆளாகக் கேட்காமல், முடியப்போகும் கார்டுகள் இருக்கும் போர்டின் வலது ஓரத்திலிருந்து கார்டு கார்டாகப் போய் "இதை இன்று முடிக்க என்ன வேண்டும்?" என்று கேளுங்கள், 15 நிமிடத்துக்குள் அடங்கும்.

கேட்டது ஸ்பிரிண்டுக்குள் வரும்வரை ஆன முதல் 35 நாள் உங்கள் கையில் இல்லை. ஆண்டுத் தொடக்கத்திலேயே எந்த வேலைக்கு எவ்வளவு பணம் என்று முடிவாகிவிட்டால், நடுவில் வரும் சிறு கோரிக்கை வாசலில்தான் நிற்கும். பணத்தை வேலைப்பட்டியலுக்கு ஒதுக்காமல் டீமுக்கு ஒதுக்கி, எதை முதலில் செய்வது என்பதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பதுதான் வழி. அதை மேலே இருப்பவர்கள்தான் செய்ய வேண்டும். நீங்கள் செய்யக்கூடியது, ஒவ்வொரு ஸ்பிரிண்டிலும் சிறு கோரிக்கைகளுக்கென்று ஐந்தில் ஒரு பங்கு இடத்தைக் காலியாக விடும்படி, எதை முதலில் செய்வது என்று வரிசைப்படுத்தும் புராடக்ட் ஓனரிடம் பேசி வாங்குவது. இன்னும் எடுக்காத வேலைகளின் பட்டியலான பேக்லாக்கில் ஆறு மாதமாக யாரும் கேட்காத கார்டுகளை அழித்துவிடுங்கள். உண்மையில் தேவையென்றால் திரும்பக் கேட்பார்கள்.

இத்தனையையும் ஒரே நேரத்தில் தொடங்காதீர்கள், அதுவும் திறந்து கிடக்கும் 24 கார்டு மாதிரிதான் ஆகும். அடுத்த ரெட்ரோவில் அந்தப் பத்து கார்டு தாளை வைத்து, வரம்பை மட்டும் பேசுங்கள். 24-இலிருந்து ஒரேயடியாக 8-க்கு இறங்க வேண்டாம். இரண்டு வாரம் புதிதாக எதையும் எடுக்காமல் முடிப்பதை மட்டும் செய்தால் எண்ணிக்கை 16-ஐத் தொடும், அதன் பிறகு இரண்டு கார்டு முடிந்தால் ஒன்று எடுக்கலாம் என்று வையுங்கள். ஆறு வாரம் கழித்து அடுத்த பத்து கார்டுகளின் தேதிகளோடு எழுதுங்கள்.