பதில்: பழைய டபுள் பேஸில் காஸ்பரோ லேபிள், நம்பலாமா?

ஏலத்துக்கு வந்த டபுள் பேஸினுள் (வயலின் போன்ற, ஆனால் மிகப் பெரிய தந்திக் கருவி) "காஸ்பரோ தா சாலோ, பிரெஷ்ஷா" என்ற லேபிள் இருப்பதாகக் கேட்டிருந்தீர்கள். காஸ்பரோ, இத்தாலியின் பிரெஷ்ஷா நகரில் தந்திக் கருவிகள் செய்த பழைய கைவினைஞர். லேபிளை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள். 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் பட்டறைக் கருவிகள் பலவற்றில் பழைய இத்தாலியப் பெயர்களை ஒட்டியிருக்கிறார்கள்.

மேல்பலகையின் ஸ்ப்ரூஸ் மர ஆண்டு வளையங்களைச் சோதிக்கச் சொல்லுங்கள். காஸ்பரோ இறந்தது 1609இல். கடைசி வளையம் அதற்குப் பிந்தியது என்றால், அந்தப் பலகை அவர் கைபட்டதல்ல. முந்தியது என்றாலும் அவர் செய்ததாக ஆகிவிடாது. பழைய மரத்தில் யாரும் செய்யலாம்.

தந்தி முறுக்கும் தலைப்பகுதியில் டார்ச் அடியுங்கள். அடைத்த பழைய முறுக்காணித் துளைகள் இருந்தால், மூன்று தந்திக் கருவியை நான்காக மாற்றியிருக்கக்கூடும். கழுத்தில் ஒட்டு இருக்கலாம், தோள்களைக் குறுக்கியிருக்கலாம். இத்தனை பழைய பேஸில் இவை சகஜம், பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டியது பின்பலகையில் சவுண்ட்போஸ்ட் (உள்ளே மேல்பலகைக்கும் பின்பலகைக்கும் இடையே நிற்கும் மரக்குச்சி) நிற்கும் இடத்து விரிசலுக்கு. அங்கே அழுத்தம் ஓயாது. வெறுமனே பசை போட்டால் நிற்காது, உள்ளே மரத்துண்டு பதிக்க வேண்டும். பின்பலகை தட்டையாக இருந்தால் குறுக்குச் சட்டங்களையும் பாருங்கள். வறண்ட காற்றில் பலகை அகலவாக்கில் சுருங்கும், சட்டம் நீளவாக்கில் சுருங்காது. அதனால்தான் சட்டம் கழன்றுகொள்ளும், இல்லையென்றால் பலகை பிளக்கும்.

நட்டிலிருந்து (கழுத்தின் மேல்முனையில் தந்தியைத் தாங்கும் சிறு கட்டை) பிரிட்ஜ் (மேல்பலகையில் தந்தியைத் தாங்கும் மரப்பாலம்) வரை தந்தி நீளத்தையும் அளந்து எழுதுங்கள். இன்று வழக்கம் சுமார் 104 முதல் 106 செ.மீ. 110ஐத் தாண்டினால் இடது கைக்குச் சிரமம்தான்.