கிட் வாங்கி ஸ்போர்ட்ஸ் கார் பூட்டலாமா?

கேள்வி: எனக்கு 46 வயது. ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் 14 வருடமாக மெக்கானிக். அதற்கு முன் 8 வருடம் கட்டாரில் கராஜ் வேலை. மனைவி ஆசிரியை. மகள் அடுத்த வருடம் உயர்தரம் எழுதுகிறாள், மகன் தரம் 8. தோட்டத்து கோட்டர்ஸில் இருக்கிறோம். நிலையான வைப்பில் 42 லட்சம் இருக்கிறது, 8 வீத வட்டி. அந்த வட்டியில்தான் பிள்ளைகளின் டியூஷன் காசு போகிறது. சின்ன வயதில் அப்பா என்னை நுவரெலியா மகாகஸ்தொட்ட மலைப்பாதையில் நடக்கும் கார்ப் போட்டிக்குக் கூட்டிப்போனார். அன்றிலிருந்து அப்படி ஒரு கார் வேண்டும் என்று ஆசை. லோட்டஸ் செவன் என்கிற கூரையில்லாத பழைய ஸ்போர்ட்ஸ் கார் மாதிரிக் காருக்கு இங்கிலாந்தில் கிட், அதாவது வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் பாகத் தொகுதி, விற்கிறார்கள். செசி என்கிற அடிச்சட்டமும் பொடி என்கிற வெளிக்கூடும் 6,500 பவுண். என்ஜினும் கியர்பொக்ஸும் இங்கே ஒரு பழைய கொரோலாவிலிருந்து எடுத்துக்கொள்வேன். எல்லாம் 35 லட்சத்துக்குள் முடியும் என்று நினைக்கிறேன். போதாவிட்டால் ஊழியர் சேமலாப நிதியிலிருந்து (ஈபிஎப்) 30 வீதம் எடுக்கலாமா?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். உங்கள் கைக்கு இந்த வேலை வரும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஒரு வரியைப் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள்: தோட்டத்து கோட்டர்ஸில் இருக்கிறோம் என்று. எனக்கு முழுக் கேள்வியும் அந்த வரியில்தான் நிற்கிறது. அதைப்பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த 35 லட்சத்தைப் பார்ப்போம்.

ஒரு பவுணுக்கு 400 ரூபாய் என்று போட்டால் கிட் மட்டும் 26 லட்சம். பெட்டியில் அடைத்துக் கப்பலில் கொழும்புக்கு வந்து சேர 4 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஆயிற்று 30. அதற்கு 18 வீத வற் வரி 5 லட்சத்து 40 ஆயிரம். நீங்கள் சொன்ன 35 லட்சம் இங்கேயே தாண்டிவிட்டது. சுங்கத் தீர்வையை நான் இன்னும் சேர்க்கவில்லை. சேர்த்தால் வற் வரியும் கூடும், ஏனென்றால் அது தீர்வையையும் கூட்டிய தொகைக்கு விழுகிற வரி. இவ்வளவு கட்டிய பிறகும் கையில் என்ஜின் இல்லை, டயர் இல்லை, வயரிங் இல்லை.

என்ஜினுக்கு வருவோம். செவன் மாதிரிக் கார் பின்சக்கரம் இழுக்கிற கார். இன்று நம் பாதையில் ஓடுகிற சின்னக் கார்களில் பெரும்பாலானவை முன்சக்கரம் இழுப்பவை. ஆகவே கேஈ70 கொரோலா மாதிரி பழைய வண்டி ஒன்றைத்தான் தேட வேண்டும். அதை இப்போது என்ன விலை சொல்கிறார்கள் என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். தவிர, இங்கிலாந்துக் கிட்களை அங்கே கிடைக்கிற போர்ட் அல்லது மஸ்டா எம்எக்ஸ்-5 வண்டியின் பாகங்களை அளவெடுத்துத்தான் செய்கிறார்கள். கொரோலா என்ஜின் அதில் நேராகப் போய் உட்காராது. என்ஜின் மவுண்ட் புதிதாகச் செய்து, என்ஜினின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகிற புரொப்பெலர் ஷாப்டை வெட்டிச் சமநிலை பார்க்க வேண்டும். உங்களால் முடியும், ஆனால் அதுவும் காசுதான்.

கிட் கார் என்றால் மலிவு என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? லோட்டஸ் செவன் 1957இல் வந்தது. அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் முழுக் காராக வாங்கினால் கொள்வனவு வரி உண்டு, பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டினால் அந்த வரி இல்லை. அதனால்தான் கிட்டுக்கு அவ்வளவு மவுசு. 1973இல் அங்கே வற் வந்ததோடு அந்தச் சலுகையும் போயிற்று. அங்கேயே முடிந்துபோன லாபம் கப்பலேறி இங்கே வராது.

இன்னொரு ஆபத்து, கிட்டைத் தவணை தவணையாக வாங்குவது. 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது, மே மாதத்தில் 360ஐத் தாண்டியது. அப்போது பாதிக் காசு கட்டிவிட்டு மீதிக்குக் காத்திருந்தவரின் நிலையை நினைத்துப் பாருங்கள். அரைகுறைச் செசியை விற்கப் போனால் போட்ட காசில் பாதி கிடைப்பதே பெரிய விஷயம்.

சரி, இவை எல்லாம் சமாளிக்கக்கூடியவை என்றே வைத்துக்கொள்வோம். என்னைப் பயமுறுத்துவது புத்தகம். கொரோலாவின் பதிவுப் புத்தகத்தில் இருப்பது கொரோலாவின் செசி இலக்கம். அந்த இலக்கம் இங்கிலாந்திலிருந்து வருகிற செசிக்குப் பொருந்தாது. வேறு வேறு வண்டிப் பாகங்களைச் சேர்த்துப் பூட்டி, புத்தகத்தோடு ஒத்துப்போகாமல் ஓடிய வாகனங்களைப் பொலிஸார் பிடித்த செய்தி எத்தனை தடவை வந்திருக்கிறது. பதிவு இல்லாவிட்டால் காப்புறுதி இல்லை, காப்புறுதி இல்லாமல் பாதையில் இறக்க முடியாது. அப்புறம் அது விற்கவும் முடியாத, ஓட்டவும் முடியாத 50 லட்ச ரூபாய்.

என் தாய்மாமா பண்டாரவளையில் ஒரு மொரிஸ் மைனரை ஆறு வருடம் உருட்டி உருட்டித் திருத்தினார். பிரேக் சிலிண்டரிலிருந்து கதவு ரப்பர் வரைக்கும் எல்லாப் பற்றுச்சீட்டையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பார். முந்திய சொந்தக்காரர் எப்போதோ என்ஜினை மாற்றியிருந்தார், ஆனால் புத்தகத்தில் ஏற்றவில்லை. அந்த ஓர் இலக்கத்தைச் சரிசெய்ய மாமா எட்டு மாதம் கொழும்புக்கு அலைந்தார். அவர் காலமான பிறகு டின்னைக் கொட்டிக் கூட்டிப் பார்த்தோம். வண்டி வாங்கிய விலையைப்போல் மூன்று மடங்கு செலவாகியிருந்தது. ஆனால் புத்தகம் சுத்தமாக இருந்ததால் மாமி கேட்ட விலைக்கே ஒரு வாரத்தில் விற்றார். அந்த எட்டு மாத அலைச்சலின் அருமை எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

ஈபிஎப் விஷயத்தில் என் பதில் இல்லை என்பதுதான். 10 வருடம் பங்களிப்புச் செய்து, கணக்கில் 3 லட்சமாவது இருப்பவர் 30 வீதம் வரை முன்கூட்டி எடுக்கலாம் என்பது உண்மை. அது வீட்டுத் தேவைக்கும் சில மருத்துவச் சிகிச்சைகளுக்கும் கொடுக்கிற காசு, காருக்கு இல்லை. வீட்டுத் திருத்தம் என்று எழுதிக் கொடுத்து எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அது பொய்ப் பத்திரம். அந்த 30 வீதம் உங்களுக்கு வேறு ஒரு வேலைக்குத் தேவைப்படும்.

அந்த வேலை வீடு. நம் மக்கள் மலையகத்துக்கு வந்து 200 வருடம் ஆனதை 2023இல் நினைவுகூர்ந்தோம். இன்னும் எத்தனையோ தோட்டக் குடும்பங்களின் கையில் காணி உறுதி இல்லை. உங்கள் கோட்டர்ஸும் வேலை இருக்கும்வரைதான். நாளைக்கு வேலையை விட்டாலோ, ஓய்வு பெற்றாலோ சாவியைக் கொடுத்துவிட்டு இறங்க வேண்டும். அன்றைக்கு நான்கு பேரும் எங்கே போவீர்கள்? பாதி பூட்டிய கார் எங்கே போகும்? அந்த 42 லட்சத்தில் 8 வருடக் கட்டார் வெயில் இருக்கிறது, தம்பி. அது முதலில் உங்கள் பெயரிலும் மனைவி பெயரிலும் உறுதியோடு ஒரு 10 பேர்ச் காணியாக வேண்டும். வீடு கட்டத் தொடங்கும்போது ஈபிஎப் 30 வீதத்தை நேர்மையாகவே கேட்டு வாங்கலாம்.

வைப்பை முழுதாக உடைக்கவும் வேண்டாம். 42 லட்சத்துக்கு 8 வீதம் என்றால் மாதம் 28,000 ரூபாய். 10 வீதம் வரி பிடித்தால் 25,200. காணிக்கு எடுத்தது போக மிஞ்சுவதில் மகளின் உயர்தரம் முடியும்வரைக்குமான டியூஷன் காசையும், ஆறு மாத வீட்டுச் செலவையும் ஒதுக்கி வையுங்கள். அரச பல்கலைக்கழகம் கிடைத்தால் படிப்பு இலவசம், போர்டிங்கும் சாப்பாடும் நம் கையில்தான்.

அப்படியானால் காரை மறப்பதா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன். 40 வருடமாக மனதில் இருக்கிற ஒன்றை மறக்கச் சொல்வது நல்ல ஆலோசனை இல்லை. ஆனால் அது வைப்புக் காசில் வரக்கூடாது, உங்கள் மேலதிக உழைப்பில் வரட்டும். ஞாயிற்றுக்கிழமை வெளி வேலை செய்கிறீர்கள் என்றால் அந்தக் காசுக்குத் தனிக் கணக்கு ஒன்று திறவுங்கள். மாதம் 15,000 போட்டால் ஐந்து வருடத்தில் வட்டி இல்லாமலே 9 லட்சம். அதற்குள் காணியில் ஒரு தகரக் கொட்டகையும், மின்சாரமும், வெல்டிங் செட்டும் வந்துவிடும். செவன் மாதிரி செசி என்பது 25 மில்லிமீற்றர் சதுர இரும்புக் குழாய்களைப் பற்றவைத்த கூடுதான். உங்களைப்போன்ற ஒருவர் அதை வாங்கத்தான் வேண்டும் என்றில்லை. அதற்கு முன்னே புத்தகம் சுத்தமான ஒரு பழைய வண்டியை எடுத்துத் திருத்திப் பாருங்கள் என்பது என் சொந்த விருப்பம். ஹட்டன் மழைக்கு மேலே கூரையுள்ள வண்டி நல்லது.

உங்கள் மனைவி இதைப்பற்றி என்ன நினைக்கிறார் என்று கடிதத்தில் இல்லை. இந்தப் பதிலை அவரோடு சேர்ந்து வாசியுங்கள்.

இந்த வாரமே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம், அது உங்கள் உரிமை. வெளிநாட்டுச் செசியோ, நீங்களே செய்த செசியோ, அதில் பழைய வண்டியின் என்ஜினைப் பூட்டினால் எந்த விதியின் கீழ், என்ன பரிசோதனையோடு பதிவு செய்வார்கள் என்று நேராகக் கேளுங்கள். வாயால் சொல்வதை ஏற்காதீர்கள், எழுத்தில் வாங்குங்கள். அந்தப் பதில் கைக்கு வரும்வரை இங்கிலாந்துக்கு ஒரு பவுண்கூட அனுப்ப வேண்டாம். வந்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், அதை வைத்து மறுபடி கணக்குப் போடுவோம்.