இடையில் போனவரின் மிச்சக் காலம்

வணக்கம் அண்ணன்,
2022இல் பெற்றோல் வரிசையில் நின்றபடியேதான் ரணில் வென்ற செய்தியைப் போனில் பார்த்தோம். 2020இல் எம்பி தேர்தலிலேயே தோற்றவர், நாங்கள் புள்ளடி போடாமல் எப்படி ஜனாதிபதியானார்? இனி ஒருவர் இடையில் போனாலும் இதுதானா?
– ஒரு வாசகர், களுவாஞ்சிக்குடி

அன்பின் தம்பி,

ஓம், இதேதான். அமெரிக்காவில் இருப்பதுபோல இலங்கையில் நமக்கு உப ஜனாதிபதி கிடையாது. பதவி வெறுமையானால் ஒரு மாதத்துக்குள் பாராளுமன்றம் தன் உறுப்பினர்களில் ஒருவரை இரகசிய வாக்கெடுப்பில் தெரிவுசெய்ய வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 40ஆம் உறுப்புரை. அதுவரை பிரதமர்தான் பதில் ஜனாதிபதி, அவரும் இல்லையென்றால் சபாநாயகர். ரணில் தோற்றது சரி, ஆனால் அவரது ஐக்கிய தேசியக் கட்சிக்கு நாடு முழுக்க விழுந்த வாக்குக்காகக் கிடைத்த ஒரேயொரு தேசியப்பட்டியல் ஆசனத்தில் 2021இல் உள்ளே வந்துவிட்டாரே, எந்த வாசலால் வந்தாய் என்று சட்டம் கேட்பதில்லை.

அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய 2022 ஜூலை 13 மாலைதீவுக்குப் போனதோடு பதவி போய்விட்டது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். இல்லை. அன்று ரணிலைப் பதில் ஜனாதிபதியாக்கியதே கோட்டாபயதான். சிங்கப்பூரிலிருந்து அவர் அனுப்பிய பதவி விலகல் கடிதத்தை ஏற்று 15ஆம் திகதி சபாநாயகர் அறிவித்த பிறகே 40ஆம் உறுப்புரை வேலைசெய்யத் தொடங்கியது. 20ஆம் திகதி வாக்கெடுப்பு: ரணில் 134, டலஸ் அழகப்பெரும 82, அநுர குமார திசாநாயக்க 3, செல்லாதவை 4.

இப்படி வருபவருக்குக் கிடைப்பதும் போனவரின் மிச்சக் காலம் மட்டும்தான். 1993 மே தினத்தில் ஜனாதிபதி பிரேமதாச கொல்லப்பட்டபோது போட்டியின்றித் தெரிவான டி.பி. விஜேதுங்க 1994 நவம்பரில் போய்விட்டார்.

எண்ணெய் இல்லாத அந்த ஜூலையில் வாகரைக்கு வாக்குப்பெட்டி கொண்டுபோகவே வண்டி ஓடியிராது, ஆகவே பாராளுமன்றம் தெரிவுசெய்ததில் எனக்குக் குறையில்லை. கடுப்பெல்லாம் அந்த இரகசியத்தில்தான். யாரும் வந்து மிரட்டக்கூடாது என்று உங்களுக்கும் எனக்கும் மறைப்பு வேண்டும், எம்பிக்கு எதற்கு, அவர் போடுவது நாங்கள் கொடுத்த வாக்கையல்லவா? கட்சித் தலைமை நெருக்காமலிருக்க என்பார்கள். (விலைபேச வருகிறவனுக்கும் அந்த மறைப்பு வசதிதான்.) டலஸுக்கு ஆதரவு என்று தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு பகிரங்கமாகவே அறிவித்தது, ஆனாலும் மட்டக்களப்பின் ஐந்து எம்பிமாரும் உள்ளே போய் யார் யாருக்குப் போட்டார்கள் என்பது தேத்தண்ணிக் கடை ஊகமாகவே நின்றுவிட்டது. வரவுசெலவுத் திட்டத்துக்குப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வாக்கெடுத்து பாராளுமன்றப் பதிவேடான ஹன்சாட்டில் பதிகிறார்கள், நாட்டின் தலைவரைத் தெரிவுசெய்யும்போது மட்டும் ஒன்றும் தெரியக்கூடாதாம்.

அப்போதும் எம்பியாக இருந்தவர் யாராவது உங்கள் ஊர்ப்பக்கம் வந்தால் கேட்டுப்பாருங்கள், பதில் கிடைத்தால் எனக்கும் எழுதுங்கள்.