லேப்டாப்பில் வைஃபை கார்டு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: லேப்டாப்பில் விண்டோஸ் 11-ஐப் புதிதாக நிறுவினேன். அதன்பின் வைஃபை ஐகானைக் காணோம். செட்டிங்ஸிலும் அந்தப் பகுதியே இல்லை. கார்டு கெட்டுவிட்டதா?

பதில்: பெரும்பாலும் கார்டு நன்றாகத்தான் இருக்கும், அதை இயக்கும் மென்பொருளான டிரைவர்தான் இல்லாமல் போயிருக்கும். அதை ஊகிக்கத் தேவையில்லை, டிவைஸ் மேனேஜரே சொல்லிவிடும். ஸ்டார்ட் பொத்தானை ரைட் கிளிக் செய்து அதைத் திறந்து, 'நெட்வொர்க் அடாப்டர்ஸ்', 'அதர் டிவைசஸ்' ஆகிய இரு பகுதிகளையும் விரித்துப் பாருங்கள்.

மஞ்சள் முக்கோணத்துடன் 'நெட்வொர்க் கன்ட்ரோலர்' என்று ஒன்று நின்று, அதன் பிராப்பர்டீஸில் 'கோட் 28' என்று வந்தால் டிரைவர் நிறுவப்படவில்லை என்று பொருள். 'கோட் 22' என்றால் யாரோ அதை முடக்கி வைத்திருக்கிறார்கள். ரைட் கிளிக் செய்து 'எனேபிள் டிவைஸ்' கொடுத்தால் போதும். கார்டின் பெயர் சரியாக இருந்து 'கோட் 10' வந்தால், டிரைவர் இருந்தும் கார்டு இயங்கத் தொடங்கவில்லை. எந்தப் பெயருமே இல்லாவிட்டால் மட்டும் பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே இயங்கும் அடிப்படை மென்பொருள்) வயர்லெஸ் அணைக்கப்பட்டுள்ளதா, கார்டு ஸ்லாட்டில் சரியாக அமர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த இரண்டும் சரியாக இருந்தால்தான் கார்டு போய்விட்டதா என்ற கேள்வியே எழும்.

கோட் 28-க்கு: பிராப்பர்டீஸில் 'டீட்டெய்ல்ஸ்' தாவலுக்குப் போய், பட்டியலில் 'ஹார்டுவேர் ஐடீஸ்' தேர்ந்தெடுங்கள். 'வென்' என்பதற்குப் பின் வரும் நான்கு எழுத்துகள் கார்டைத் தயாரித்தவர் யார் என்று காட்டும். 8086 என்றால் இன்டெல். 10-க்குப் பின் இ, சி வந்தால் ரியல்டெக். 14, சி, 3 என்றால் மீடியாடெக்; 14, இ, 4 என்றால் பிராட்காம். 'டெவ்' என்பதற்குப் பின் வருவது மாடல். ஒரே லேப்டாப் மாடலில் இரண்டு மூன்று வகைக் கார்டுகள் வருவது வழக்கம் என்பதால், இதைப் பார்க்காமல் டிரைவர் இறக்கினால் பாதி நேரம் வீணாகும். எது என்று தெரிந்ததும் லேப்டாப் நிறுவனத்தின் சப்போர்ட் பக்கத்தில் உங்கள் மாடலுக்கு உரிய டிரைவரை எடுங்கள்.

இணையம் இல்லாமல் எப்படி இறக்குவது? ஆண்ட்ராய்டு ஃபோனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து 'யுஎஸ்பி டெதரிங்' போடுங்கள். விண்டோஸ் அதை ஒரு நெட்வொர்க் அடாப்டராக எடுத்துக்கொள்ளும். வேறு கணினியில் இறக்கி பென்டிரைவில் கொண்டுவருவதும் சரிதான். 'எல்லா டிரைவர்களையும் தானே புதுப்பிக்கும்' என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்களை மட்டும் நிறுவ வேண்டாம். பொருந்தாத டிரைவரை ஏற்றி, இருந்ததையும் கெடுத்துவிட்ட லேப்டாப்கள் ஏராளம்.

கோட் 10-க்கு முதல் வைத்தியம் முழு மின்துண்டிப்பு. ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி 'ஷட் டவுன்' கொடுங்கள். சார்ஜரை உருவிவிட்டு, பேட்டரி கழற்றக்கூடியது என்றால் அதையும் எடுத்துவிட்டு, பவர் பொத்தானை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். ஷிஃப்ட் எதற்கு என்றால், 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' இயங்கும்போது சாதாரண ஷட் டவுன் முழுமையானது அல்ல. விண்டோஸின் உட்கருவும் டிரைவர்களின் நிலையும் டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு, மறுமுறை அப்படியே ஏற்றப்படும். சிக்கிக்கொண்ட நிலையும் கூடவே திரும்பி வந்துவிடும். இதற்கும் சரியாகாவிட்டால், 'டிரைவர்' தாவலில் 'ரோல் பேக் டிரைவர்' கொடுத்துப் பாருங்கள். விண்டோஸ் அப்டேட்டுக்கு மறுநாள் தொடங்கிய கோட் 10 பெரும்பாலும் இதிலேயே தீரும்.

கேள்வி: ரூட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் ஃபோனில் தெரிகிறது. லேப்டாப்பில் 2.4 மட்டும்தான் வருகிறது. ஏன்?

பதில்: கார்டுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் தெரியுமா என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். கமாண்ட் பிராம்ப்ட்டில் 'நெட்எஸ்ஹெச் டபிள்யூலேன் ஷோ டிரைவர்ஸ்' கட்டளையைக் கொடுங்கள். (முதல் சொல் என், இ, டி, எஸ், ஹெச், இரண்டாவது டபிள்யூ, எல், ஏ, என்.) விடையில் 'ரேடியோ டைப்ஸ் சப்போர்ட்டட்' என்ற வரியில் 802.11 உடன் ஏ, ஏசி, ஏஎக்ஸ் இவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும். பி, ஜி, என் மட்டும் இருந்தால் அது 2.4 மட்டுமே அறிந்த கார்டு. எந்த செட்டிங்ஸும் அதை மாற்றாது.

கார்டுக்குத் தெரியும் என்றால், சந்தேகிக்க வேண்டியது ரூட்டரின் சேனலை. 5 கிகாஹெர்ட்ஸில் 52 முதல் 144 வரையிலான சேனல்கள் ரேடார்களுடன் பங்கிடப்படுபவை. அங்கே ரூட்டர் ஒலிபரப்பும் முன் குறைந்தது 60 விநாடி கேட்டுப் பார்க்க வேண்டும். ரேடார் தென்பட்டால் உடனே விலக வேண்டும். கார்டும் அந்தச் சேனல்களில் தானாகக் குரல் கொடுத்துத் தேடக் கூடாது, ரூட்டரின் அறிவிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டும். அதனால் சில கார்டுகளில் பெயர் தாமதமாக வரும், சிலவற்றில் வராமலே போகும். ரூட்டரில் சேனலை 'ஆட்டோ'விலிருந்து 36, 40, 44, 48 இவற்றில் ஒன்றுக்கு மாற்றுங்கள். பெயர் தோன்றிவிட்டால் காரணம் அதுவேதான்.

2.4-இல் 12, 13 சேனல்களுக்கும் இதே கதை. அமெரிக்காவுக்கென அமைக்கப்பட்ட கார்டுகள் 11-க்கு மேல் பார்க்காது. 1, 6, 11 மூன்றும்தான் ஒன்றின்மேல் ஒன்று படியாத சேனல்கள் என்பதால், அவற்றில் ஒன்றை வைப்பதே எப்படியும் நல்லது.

கேள்வி: பழைய கார்டை எடுத்துவிட்டு வைஃபை 6 கார்டு போட விரும்புகிறேன். வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: வாங்கும் முன் லேப்டாப்பின் அடிமூடியைத் திறந்து பாருங்கள். மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் வைஃபை சிப் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அதை மாற்ற முடியாது. கழற்றக்கூடிய கார்டு என்றால் அளவைக் கவனியுங்கள். 22 மில்லிமீட்டர் அகலம், 30 மில்லிமீட்டர் நீளம் என்றால் அது எம்.2 2230. சற்றே அகலமாக, 30-க்கு 27 என்ற அளவில் இருந்தால் பழைய மினி பிசிஐஇ அரைக் கார்டு. ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தாது.

அதிகம் பேர் பணத்தை இழப்பது அடுத்த விஷயத்தில். இன்டெல்லின் ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 கார்டுகள் பார்வைக்கு முழுக் கார்டு போல இருந்தாலும், வைஃபையின் ஒரு பகுதி அவற்றில் கிடையாது. அது இன்டெல்லின் புதிய ப்ராசஸர் அல்லது சிப்செட்டுக்குள் இருக்கிறது. ஏஎம்டி லேப்டாப்பிலோ பழைய இன்டெல் லேப்டாப்பிலோ போட்டால் கார்டு இருப்பதே தெரியாது. ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 இரண்டும் முழுமையான கார்டுகள். கடைசி எண் 0-வா 1-ஆ என்று இரண்டு முறை பாருங்கள். ஏஎக்ஸ்210-இன் 6 கிகாஹெர்ட்ஸ் வசதி விண்டோஸ் 11-இல்தான் கிடைக்கும், விண்டோஸ் 10-இல் கிடைக்காது.

சில பழைய லேப்டாப்களின் பயாஸ், தன் பட்டியலில் இல்லாத கார்டைக் கண்டால் பிழைச்செய்தியுடன் அப்படியே நின்றுவிடும். உங்கள் மாடல் அப்படிப்பட்டதா என்பதை சர்வீஸ் மேனுவலில் உள்ள உதிரிபாகப் பட்டியலைப் பார்த்து அறியலாம்.

மாட்டும்போது: மின்சாரத்தை முழுவதும் துண்டித்து, பேட்டரி கனெக்டரையும் கழற்றுங்கள். வெறும் உலோகம் ஒன்றைத் தொட்டு உடலின் நிலைமின்னை இறக்கிக்கொள்ளுங்கள். ஆன்டெனா வயர்கள் இரண்டையும் நேர் மேலாகத் தூக்கிக் கழற்ற வேண்டும். பக்கவாட்டில் இழுத்தால் கனெக்டர் பிய்ந்துவிடும். ஒரே ஸ்குரூவை எடுத்தால் கார்டு சாய்வாக மேலெழும். புதிய கார்டை அதே சாய்வில் செருகி, அழுத்தி, ஸ்குரூ போடுங்கள். ஆன்டெனாவை மாட்டுவதுதான் பொறுமை வேண்டிய வேலை. கனெக்டரை முனைக்கு நேர் மேலே வைத்து, நகத்தால் செங்குத்தாக அழுத்தினால் 'டக்' என்று அமரும். அமராவிட்டால் மேலும் பலம் கொடுக்காமல், எடுத்து மறுபடி நேராக வையுங்கள். இந்த வகைக் கனெக்டர்கள் ஏறத்தாழ 30 முறை மாட்டிக் கழற்றத்தான் செய்யப்பட்டவை. மினி பிசிஐஇ வயர்களின் முனை எம்.2 கார்டுக்குப் பெரிது என்பதையும் நினைவில் வையுங்கள்.

மூடிய பிறகு, ரூட்டருக்கு அருகிலேயே சிக்னல் ஒரு கோடுதான் வருகிறது என்றால் ஆன்டெனா சரியாக அமரவில்லை. வைஃபை வந்து புளூடூத் மட்டும் வராவிட்டால் பழுது என்று எண்ணிவிடாதீர்கள். எம்.2 கார்டுகளில் புளூடூத் பெரும்பாலும் ஸ்லாட்டின் யுஎஸ்பி இணைப்பு வழியாகவே செல்கிறது. சில போர்டுகளில் அந்த இணைப்பு இருக்காது.

கேள்வி: லேப்டாப்பை மூடித் திறந்தால் வைஃபை அறுந்துவிடுகிறது. வெளி ஹார்டு டிஸ்க்கை இணைத்தாலும் அடிக்கடி விட்டுவிட்டு வருகிறது.

பதில்: இரண்டும் வெவ்வேறு காரணங்கள். முதலாவதுக்கு, டிவைஸ் மேனேஜரில் கார்டின் 'பவர் மேனேஜ்மென்ட்' தாவலில், மின்சாரம் சேமிக்கச் சாதனத்தை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். 'மாடர்ன் ஸ்டாண்ட்பை' (மூடினாலும் முழுதாக உறங்காத புதிய உறக்க முறை) உள்ள லேப்டாப்களில் அந்தத் தாவல் பெரும்பாலும் இருக்காது. அங்கே டிரைவரைப் புதுப்பிப்பதே வழி.

இரண்டாவதில் குற்றவாளி யுஎஸ்பி 3. அதன் மின்னிரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும் பரவும். டிஸ்க்கின் கேபிள் வைஃபை ஆன்டெனாவுக்கு அருகே இருந்தால் சிக்னல் அமுங்கிவிடும். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள். முடியாவிட்டால் டிஸ்க்கை மறுபக்க போர்ட்டில், நல்ல உறையிட்ட கேபிளில் இணையுங்கள்.

கேள்வி: 'கனெக்டட்' என்கிறது, ஆனால் எந்தப் பக்கமும் திறக்கவில்லை.

பதில்: வைஃபை இணைப்பின் பிராப்பர்டீஸில் ஐபி முகவரியைப் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால் ரூட்டரிடமிருந்து முகவரி வரவில்லை. 'ஐபி அசைன்மென்ட்' 'ஆட்டோமேட்டிக்' ஆக உள்ளதா என்று பார்த்து, ரூட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். முகவரி சரியாக இருந்தால், தளப் பெயரை ஐபி எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சேவையின் முகவரியைக் கையால் மாற்றிப் பாருங்கள். 'நெட்வொர்க் ரீசெட்' கடைசியில்தான். சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகள் எல்லாம் அதில் அழிந்துபோகும்.

கேள்வி: லினக்ஸில் கார்டு பட்டியலில் இருக்கிறது, வைஃபையை இயக்க முடியவில்லை.

பதில்: டெர்மினலில் 'ஆர்எஃப்கில் லிஸ்ட்' கொடுங்கள். (முதல் சொல் ஆர், எஃப், கே, ஐ, எல், எல்.) 'சாஃப்ட் பிளாக்ட்' 'யெஸ்' என்றால் அதே கட்டளையின் 'அன்பிளாக்' மூலம் நீக்கிவிடலாம். 'ஹார்டு பிளாக்ட்' 'யெஸ்' என்றால் கட்டளையால் ஆகாது. லேப்டாப்பின் பக்கத்திலுள்ள ஸ்விட்ச், எஃப்என் விசை, பயாஸ் இவற்றில் ஒன்றில் அணைக்கப்பட்டிருக்கிறது. இரண்டும் 'நோ' என்றால் 'டிமெசேஜ்' கட்டளையின் (டி, எம், இ, எஸ், ஜி) வெளியீட்டில் ஃபர்ம்வேர் (கார்டுக்குள் ஏற்றப்படும் மென்பொருள்) கிடைக்கவில்லை என்ற வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் உங்கள் டிஸ்ட்ரிபியூஷனின் லினக்ஸ் ஃபர்ம்வேர் தொகுப்பை நிறுவி, கணினியை அணைத்துப் போடுங்கள்.