லயன் வீட்டில் எங்கே உட்கார்ந்து ஜெபிப்பது? ஒரு பிளஸ் ஒன் தங்கச்சிக்குப் பதில்

கோத்தகிரிப் பக்கம் டான்டீ (அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) தொழிலாளர்களின் வரிசை வீடான லயனிலிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறாள். பிளஸ் ஒன் படிக்கிறாள், சி.எஸ்.ஐ. குடும்பம், போன வருஷம் திடப்படுத்தல் (திருவிருந்தில் சேருவதற்கு முந்தின சடங்கு) எடுத்தவள். கடிதத்தின் சுருக்கம் இது: "வீட்டில் ஒரே அறை, டிவி ஓடிக்கொண்டே இருக்கும், ஜெபிக்க இடமும் இல்லை, நேரமும் இல்லை. மாதத்தில் அந்த மூன்று நாள் பைபிளைத் தொடாதே என்கிறார் அப்பாயி. படுகர்களின் ஹெத்தை பண்டிகைக்கு ஃபிரண்ட் வீட்டுக்குக் கூப்பிடுகிறாள், போய்ச் சாப்பிடலாமா? ஞாயிற்றுக்கிழமை டியூஷன் வேறு. சாட்சியாக வாழணும் என்று வாலிபர் கூட்டத்தில் சொல்கிறார்கள், எனக்கோ நடிக்கிற மாதிரியே இருக்கிறது அக்கா." கடைசியில் ஒரு வரி: கூட்டத்தை நடத்தும் அண்ணன் ராத்திரி பத்து மணிக்கு மேல் "சேர்ந்து ஜெபிக்கலாமா, யாருக்கும் சொல்லாதே" என்று மெசேஜ் போடுகிறாராம்.

அந்தக் கடைசி வரியைத்தான் முதலில் எடுக்கிறேன், தங்கச்சி. போகிற போக்கில் எழுதிவிட்டாய், ஆனால் மற்ற எல்லாவற்றையும்விட அவசரமானது அதுதான். ஸ்கூல் படிக்கிற பெண்ணுக்கு ராத்திரியில் தனியாக மெசேஜ் போட்டு யாருக்கும் சொல்லாதே என்கிறவர் எவ்வளவு உருக்கமாக ஜெபித்தாலும் அது ஊழியம் ஆகாது. பதில் போடாதே, மெசேஜை அழிக்காதே, அப்படியே அம்மாவிடம் காட்டு. அம்மாவிடம் சொல்லப் பயமாக இருந்தால் ஆயரம்மாவிடமோ ஸ்கூலில் நம்பிக்கையான ஒரு டீச்சரிடமோ சொல். 1098 என்ற எண்ணுக்குப் பதினெட்டு வயதுக்கு உட்பட்ட யாரும் எந்த நேரமும் காசில்லாமல் பேசலாம். சபைக்குக் கெட்ட பேர் வந்துவிடும் என்று யாராவது வாயை அடைத்தால், கெட்ட பேரைக் கொண்டுவருவது அந்த மெசேஜ்தான், அதைக் காட்டுகிற நீ இல்லை என்று தைரியமாகச் சொல்.

இனி ஜெபம். "உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி" என்று மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் வருகிறதே, லயனில் ஏது அறைவீடு, கதவைப் பூட்டினால் அப்பா வாசலில் பனியிலா உட்காருவார் என்று நீ கேட்டது நியாயம்தான். அதற்கு முந்தின வசனத்தையும் சேர்த்துப் படி. நாலு பேர் பார்க்கணும் என்று தெருச் சந்தியில் நின்று ஜெபிக்கிறவர்களைக் கண்டித்துவிட்டுத்தான் இயேசு இதைச் சொல்கிறார், ஆக யாரும் பார்க்காத ஒரு மூலை போதும், போர்வைக்குள் என்றாலும் சரி.

நான் உனக்குச் சொல்லும் மூலை அடுப்படி. நம் ஊர்க் குளிரில் எந்த வீட்டிலும் காலையில் குளிக்க வெந்நீர் போட்டே ஆகணும், விறகைத் தள்ளிவிட்டு அண்டாவில் ஆவி கிளம்புகிற வரை கால் மணி நேரமாவது யாராவது அடுப்புக்குப் பக்கத்தில் காவல் இருக்கணும், வீட்டிலேயே சூடான இடமும் அதுதான், அந்த நேரத்தில் அங்கே வேறு யாரும் வரமாட்டார்கள். அந்த வேலையை நீ கேட்டு வாங்கிக்கொள், அம்மா சந்தோஷமாகக் கொடுப்பார். கையில் போன் வேண்டாம், பைபிள் ஆப்பைத் திறந்தால் பின்னாலேயே ரீல்ஸ் வந்து நிற்கும், திடப்படுத்தலுக்குக் கிடைத்த பைபிளை எடு. மாற்கிலிருந்து ஆரம்பி. நாலு சுவிசேஷத்தில் அதுதான் சின்னது, பதினாறே அதிகாரம், ஓட்டமாகப் போகும். ஒரு நாளைக்கு அரை அதிகாரம் போதும். படித்ததில் புரியாதது ஒன்று, அன்றைக்கு உனக்குப் பயமாக இருக்கிற விஷயம் ஒன்று, இரண்டையும் உன் சொந்த வார்த்தையில் சொல்லிவிட்டு எழுந்திரு, "பரிசுத்தமுள்ள பரலோக பிதாவே" என்று மேடைத் தமிழில் ஆரம்பிக்கணும் என்று சட்டம் எதுவும் இல்லை.

மாற்கு முதல் அதிகாரத்திலேயே, இயேசு இருட்டோடே எழுந்து வனாந்தரமான இடத்துக்குப் போய் ஜெபித்தார் என்று வரும். அதைப் பார்த்து நீயும் தேயிலைக் காட்டுக்குள் இறங்கிவிடாதே. கலிலேயா வேறு, காட்டெருமையும் கரடியும் திரிகிற கோத்தகிரி வேறு. விடிந்து பஸ்ஸுக்கு நடக்கும்போது 121-ம் சங்கீதத்தைச் சொல்லிக்கொண்டே போ, எட்டே வசனம், "பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்" என்று நமக்கென்றே எழுதின மாதிரி இருக்கும்.

அந்த மூன்று நாள் விஷயத்துக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்லணும், ஏனென்றால் இதைக் கேட்க வெட்கப்பட்டே நிறையப் பெண்கள் அந்த வாரம் திருவிருந்து எடுக்காமல் பின்பெஞ்சில் உட்கார்ந்துவிடுகிறார்கள். லேவியராகமம் பதினைந்தில் ஏழு நாள் தீட்டு என்று இருப்பது உண்மை. ஆனால் அதே அதிகாரம் ஆண்களின் உடம்பையும் விடவில்லை, அவர்களுக்கும் சாயங்காலம் வரை தீட்டு உண்டு என்கிறது. அதைக் காட்டி எந்த ஆம்பிளையையும் பைபிளைத் தொடாதே என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை!

நீ மாற்கு ஐந்தாம் அதிகாரத்துக்கு வரும்போது நிறுத்தி நிதானமாகப் படி. பன்னிரண்டு வருஷம் உதிரப்போக்கு உள்ள ஒரு பெண், வைத்தியர்களிடம் கையில் இருந்ததெல்லாம் செலவழித்தும் நோய் இன்னும் மோசமாகிப்போனவள், கூட்டத்தில் பின்னால் வந்து இயேசுவின் வஸ்திரத்தைத் தொடுகிறாள். அன்றைய சட்டப்படி அவள் தொட்டால் மற்றவருக்கும் தீட்டு, அதனால்தான் நடுங்குகிறாள். அவரோ நின்று, திரும்பி, அத்தனை பேர் முன்னால் "மகளே" என்று கூப்பிடுகிறார். தீட்டுப்பட்டுவிட்டது என்று போய்க் குளித்ததாக ஒரு வரிகூட இல்லை, நேராக ஜெபஆலயத் தலைவன் யவீருவின் வீட்டுக்குப் போய், செத்துக்கிடந்த அவனுடைய பன்னிரண்டு வயதுப் பெண்ணின் கையைப் பிடித்து எழுப்புகிறார், அப்புறம் அவளுக்குச் சாப்பிடக் கொடுங்கள் என்கிறார். அதனால் அந்த நாட்களிலும் பைபிளை எடு, ஆலயத்துக்குப் போ, திருவிருந்தும் எடு. வயிறு வலித்தால் படுத்துக்கொள், அதுவும் தப்பில்லை. வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டம் அந்த நாளில் வந்தால் வெறும் வயிற்றோடு மேடேறிப் போகாமல் சாப்பிட்டுவிட்டுப் போ.

அப்பாயியோடு மட்டும் வசனம் பேசிச் சண்டை போடாதே. 1968-ல் டான்டீ தொடங்கியதே சிலோனிலிருந்து திரும்பிய குடும்பங்களுக்கு வேலை கொடுக்கத்தான். உன் அப்பாயியும் அப்படிக் கைக்குழந்தையோடு வந்தவர் என்று எழுதியிருக்கிறாய், அவருக்குத் தெரிந்த கட்டுப்பாடெல்லாம் அவரைப் பெற்றவர்கள் சொல்லிக்கொடுத்தது. சின்ன எழுத்து அவருக்குத் தெரியாதாமே, ராத்திரி அந்த ஐந்தாம் அதிகாரத்தை நீயே வாசித்துக்காட்டு, விளக்கம் எதுவும் சொல்லாதே.

ஹெத்தை பண்டிகைக்குத் தாராளமாகப் போகலாம். கொரிந்து சபைக்கும் இதே பிரச்சினைதான், பவுல் பதில் எழுதியது ஒன்று கொரிந்தியர் எட்டிலும் பத்திலும் இருக்கிறது: ஒருவர் வீட்டுக்கு விருந்துக்குக் கூப்பிட்டால் போ, முன்னால் வைத்ததைத் தோண்டித் துருவாமல் சாப்பிடு, இது படைத்தது என்று யாராவது சொன்னால் மட்டும் தவிர்த்துவிடு. ஆக, படுகர் வீட்டுச் சாப்பாட்டை வயிறாரச் சாப்பிட்டு அவள் அம்மாவிடம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வா. கோயில் பிரசாதம் என்று சொல்லிக் கையில் கொடுத்தால், "நான் எடுத்துக்க மாட்டேன்டி, தப்பா நினைக்காதே" என்று சிரித்த முகத்தோடு சொல். வாங்கிக்கொண்டுபோய் மறைவில் குப்பையில் போடுவதுதான் அசிங்கம், அது அவளையும் அவமதிக்கிறது, நீயும் பொய் சொன்ன மாதிரி ஆகிறது. வேறு கிறிஸ்தவப் பிள்ளை யாராவது வாங்கிச் சாப்பிட்டால் அவளை முறைக்காதே, அதற்கு ரோமர் பதினாலு இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு அவளை உன் லயனுக்குக் கூப்பிடு.

டியூஷனுக்கு நேரத்தை மாற்ற முடியுமா என்று சாரிடம் ஒரு தடவை கேள். முடியாது என்றால் பரீட்சை மாதம் மட்டும் மாலை ஆராதனைக்குப் போ, அதற்காக நரகத்துக்குப் போய்விட மாட்டாய்.

நடிக்கிற மாதிரி இருக்கிறது என்றாயே, சாட்சி என்றதும் உனக்கு மைக் ஞாபகம் வருகிறது, அதுதான் கோளாறு. இரண்டு இராஜாக்கள் ஐந்தில் நாகமான் என்ற படைத்தலைவனின் வீட்டில் ஒரு சிறு பெண் வருகிறாள், சிறைபிடித்துக் கொண்டுபோன வீட்டில் வேலைக்காரி, பேர்கூட எழுதவில்லை. சமாரியாவில் ஒரு தீர்க்கதரிசி இருக்கிறார், எஜமான் அவரிடம் போனால் குஷ்டம் போய்விடும் என்று ஒரே ஒரு வாக்கியம்தான் பேசுகிறாள், அதை நம்பி அந்தப் படைத்தலைவன் வெள்ளியும் பொன்னும் கட்டிக்கொண்டு கிளம்புகிறான். தினமும் பாத்திரம் தேய்க்கிற பெண் சொன்னதை அந்த வீடு நம்பியிருக்கிறது என்றால், அவள் அதற்கு முன்னால் அங்கே எப்படி நடந்திருப்பாள் என்று யோசி. உனக்கு அந்த நாகமான் வீடு இப்போதைக்கு பிசிக்ஸ் லேப். ஊசல் சோதனையில் புவியீர்ப்பு முடுக்கம் 9.8 வரணும் என்று முதலில் விடையை எழுதிவிட்டு ரீடிங்கைப் பின்னாலிருந்து போடுகிறார்கள் என்று நீயே எழுதியிருக்கிறாய். உனக்கு 9.4 வந்தால் 9.4 என்றே ரெக்கார்டில் எழுது, சார் முறைத்தால் நூலின் நீளத்தைத் திரும்ப அளந்து பார்க்கிறேன் சார் என்று சொல்.