தீவில் டிரான்சிஸ்டர் ஏது?

கேள்வி: நானும் என் தம்பியும் கணினி விளையாட்டு ஒன்றை உருவாக்கிவருகிறோம். கப்பல் உடைந்து தீவில் ஒதுங்கியவர் ரேடியோ செய்து உதவி கேட்க வேண்டும். ரெசிஸ்டர், கண்டென்சர், டிரான்சிஸ்டர், போர்டு, ஈயம் என 14 பொருட்களைச் செய்தால்தான் சர்க்யூட் கிடைக்கும் என்று வைத்திருந்தேன். விளையாடிப் பார்த்த நண்பர்கள் பாதியிலேயே எழுந்துவிட்டார்கள். “இரும்பும் செம்பும் போதும்” என்கிறான் தம்பி. அது ஏமாற்று வேலை இல்லையா?
- வாசகர், ஈரோடு

பதில்: தம்பி பக்கம்தான் நான். இத்தனைக்கும் ரேடியோ பழுதுபார்த்தே வயிறு வளர்த்தவன்.

செக் நாட்டில் உருவாகி 2020-இல் முழுப் பதிப்பாக வெளிவந்த ‘ஃபேக்டோரியோ’ என்ற ஆலை கட்டும் கணினி விளையாட்டை என் மகன் காட்டியபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஓர் இரும்புத் தகடு, மூன்று செம்புக் கம்பி. பச்சை சர்க்யூட் தயார்! சிப்புக்கும் டிரான்சிஸ்டருக்கும் மூலப்பொருளான சிலிக்கான் என்ற பேச்சே இல்லை. பத்து நாள் விளையாடிய பிறகு சிரிப்பு அடங்கியது. ஒரு செம்புத் தகட்டில் இரண்டு கம்பிதான் கிடைக்கும். பச்சைக்கு மேல்படி சிவப்பு சர்க்யூட், அதற்கும் மேல்படி நீலம். நீல சர்க்யூட் ஒன்றுக்கு 20 பச்சை, 2 சிவப்பு, கொஞ்சம் கந்தக அமிலம். சிவப்புக்குள் ஒளிந்திருக்கும் பச்சையையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள்: 40 செம்புத் தகடு, 24 இரும்புத் தகடு, 4 பிளாஸ்டிக். எவ்வளவு தோண்டினாலும் செம்பு போதாது. பொருள் பட்டியலில் இல்லாத உண்மை அந்தப் பற்றாக்குறையில் இருக்கிறது. அமிலமும் சும்மா வைத்ததல்ல. சிப் ஆலைகளில் சிலிக்கான் தகடுகளைக் கழுவக் கந்தக அமிலம் வேண்டும். இரும்பு எதற்கு என்பீர்கள். மலிவான ரெசிஸ்டரின் காலருகே காந்தத்தைக் கொண்டுபோங்கள், பெரும்பாலும் ஒட்டும். உள்ளே எஃகு, மேலே செம்புப் பூச்சு.

இப்போது உங்கள் 14 பொருட்களுக்கு வருகிறேன். அந்த மனிதர் டிரான்சிஸ்டரை எதிலிருந்து செய்கிறார்? கடற்கரை மணலிலிருந்தா? பட்டியல் நீண்டதே தவிர, பொய் குறையவில்லை. உண்மையில் அவர் செய்யக்கூடியது ஒன்றுதான்: உடைந்த கப்பலின் பழைய போர்டிலிருந்து கழற்றுவது. செலவை அங்கே வையுங்கள்.

கழற்றுவது எப்படி என்று சொல்கிறேன். பாகங்களைப் போர்டில் பிடித்துவைத்திருக்கும், ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசு சுமார் 190 டிகிரியில் இளகிவிடும். தீயில் காய்ச்சிய ஆணியே போதும். போர்டின் பின்பக்கம் ஆணி நுனியை வைத்தால், மங்கலாக இருக்கும் பற்றாசுப் பொட்டு சட்டென்று வெள்ளிபோல் மினுங்கும். அந்த நொடியில் டிரான்சிஸ்டரின் காலை இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் செம்புத் தடம் உரிந்துவரும். தாமதித்தால் சூடு ஏறி டிரான்சிஸ்டர் செத்துவிடும். அதனால்தான் நாங்கள் காலைக் குறட்டால் கவ்விப் பிடிப்போம், சூட்டைக் குறடு வாங்கிக்கொள்ளும். இளம்வயதில் இது தெரியாமல் ஒரே மாலையில் ஐந்தைக் கொன்றிருக்கிறேன். முதலாளி திட்டியதை இங்கே எழுத முடியாது.

ரெசிஸ்டரையும் கண்டென்சரையும் ‘உதிரிப் பொட்டலம்’ என்று ஒரே பொருளாகக் கட்டிவிடுங்கள். கடையிலும் அவை சில்லறைக் காசுக்குக் கிடைப்பவைதான். டிரான்சிஸ்டர் மட்டும் தனியாக நிற்கட்டும்: கப்பல் முழுவதும் தேடினாலும் நான்கு, ரேடியோவுக்குத் தேவை மூன்று. ஆணியின் சூட்டை விளையாடுபவர் நிறத்தைப் பார்த்து ஊகிக்கட்டும், எண் காட்டாதீர்கள். ஒருமுறை கையால் கழற்றியவரை மறுபடி கழற்றவைக்கவும் வேண்டாம்.

குறட்டைக் கப்பலின் சமையலறையில் ஒளித்துவைக்கலாம். அது இல்லாமலும் முயன்று பார்க்க விடுங்கள்.