சொந்தமாகக் கட்டும் விமானத்தில் ராம் ஏர் வாய்க்கு ஃபில்டர் வைத்தால் பவர் போய்விடுமா?

நான் விமானம் ஓட்டுகிறவன் இல்லை. பல்லடத்தில் ரீபோர் பட்டறை, அதாவது தேய்ந்த இன்ஜின் சிலிண்டரைக் கடைந்து சரிசெய்யும் பட்டறை வைத்திருக்கிறேன். அமெரிக்காவில் இருக்கும் தங்கச்சி மகன் வீட்டு கராஜில் இரண்டு சீட் விமானம் கட்டினான். லைகமிங் ஓ-320, 160 குதிரை இன்ஜின். இன்ஜினுக்குக் காற்று போகும் காற்றுப்பெட்டி செய்யும்போது அவன் கேட்டதும் இதே கேள்விதான்: "ஏனுங் மாமா, ஃபில்டர் வெச்சா ராம் ஏரெல்லாம் வீணாப் போயிருமுங்களா?"

ராம் ஏர் என்றால் வேறொன்றுமில்லை, முன்பக்கம் பார்த்த வாய்க்குள் எதிர்க்காற்று தானாக அழுத்திக்கொண்டு வருவது. அந்த அழுத்தம் எவ்வளவு என்று தெரிந்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். அவனுக்குக் கிணற்றை வைத்துத்தான் சொன்னேன். மேட்டில் வைத்த மோட்டார் 25 அடிக்குக் கீழே போன தண்ணீரை இழுக்கத் திணறும். எத்தனை பெரிய மோட்டாராக இருந்தாலும் 34 அடியைத் தாண்டாது. தண்ணீரை மேலே தள்ளுவது வெளிக்காற்று, அதன் மொத்த பலமே 34 அடித் தண்ணீர்தான். இன்ஜினுக்குள் காற்றைத் தள்ளுவதும் அதே 34 அடிதான்.

இனி ராம் ஏர் கணக்கைப் பாருங்கள். கடல் மட்டத்தில் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் கிடைப்பது 5 செ.மீ. தண்ணீர் அளவு அழுத்தம். 200 கி.மீ.யில் 19 செ.மீ., ஒரு சாண் கூட இல்லை. 300 கி.மீ.யில் 43 செ.மீ., ஏறக்குறைய ஒரு முழம். 34 அடிக்கு ஒரு முழம் என்றால் நூற்றுக்கு நாலு. சொட்டுக்கூடச் சிந்தாமல் பிடித்தால் 160 குதிரையில் ஆறேழு குதிரை. மெதுவாகப் பறக்கும் அல்ட்ராலைட் எனும் எடை குறைந்த குட்டி விமானத்துக்கு இதைப் பற்றிப் பேசுவதே வெட்டி.

பெரிய, சுத்தமான ஃபில்டர் இதில் தின்பது சில செ.மீ.தான். ஆக, அதைக் கழற்றி மிச்சம் பிடிப்பது ஒரு குதிரை, மிஞ்சினால் இரண்டு.

அதற்கு என்ன விலை என்பது என் பட்டறைக்கு வந்தால் தெரியும். ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக இறங்கி எங்கள் பக்கம் புழுதியை அள்ளிக்கொண்டு வரும். தறிக்குடோன் பக்கம் என்றால் பஞ்சுத் தூசி வேறு. மண் தின்ற இன்ஜினில் சிலிண்டரின் மேல்பக்கம் வாய் அகன்று கிடக்கும், ரிங் கத்தி மாதிரித் தேய்ந்திருக்கும். ஒரு டிராக்டர் வந்தது, ஃபில்டர் புத்தம் புதுசு. ஆனால் ஃபில்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் ஹோஸ் கிளாம்ப் லூஸ். சிலிண்டரின் உள்சுவர் முழுக்கத் தேய்ந்து போய்விட்டது. ஃபில்டர் எந்தப் பிராண்ட் என்று கேட்பவர்களை விட கிளாம்பைத் தொட்டுப் பார்க்கிறவரைத்தான் நான் நம்புவேன்.

மாப்பிள்ளை முதலில் கேட்கவில்லை. தரையில் ஃபில்டர் வழியாக, மேலே போனதும் கேபிளை இழுத்தால் நேர்க்காற்று என்று ஒரு கதவு வைத்தான். புது யோசனை இல்லை, மூனி எம்20 விமானங்களில் பல மாடல்களுக்கு அப்படி ஒரு கதவு இருந்தது. யோசனையில் குற்றமில்லை, கதவின் ரப்பர்தான் சிக்கல். ஆயில் பரிசோதனையில், மண்ணில் இருக்கும் சிலிக்கான் ஏறியிருந்தது. புது இன்ஜினில் சீலன்ட் பசையாலும் சிலிக்கான் ஏறும் என்பதால் நான் உடனே மண் என்று முடிவு கட்டவில்லை. கதவை மூடியே வைத்து, அதற்கு உள்பக்கம் லேசாக கிரீஸ் தடவி பத்து மணி நேரம் பறந்துவிட்டு வெள்ளைத் துணியால் துடைக்கச் சொன்னேன். கதவின் ஓரம் எங்கே இருக்கிறதோ அதே வடிவத்தில் துணியில் மண் கோடு. அடுத்த வாரம் கதவை எடுத்துவிட்டுத் தகடு வைத்து ரிவெட் அடித்தான்.

பிறகு ஃபில்டரை வைத்துக்கொண்டே அழுத்தத்தைக் காப்பாற்றும் வேலையில் இறங்கினோம். பம்ப்செட் தண்ணீர் நேராக வாய்க்காலில் பாய்ந்தால் கரையை அறுக்கும், தொட்டியில் விழுந்து அடங்கிப் போனால் அமைதியாக ஓடும். காற்றும் அப்படித்தான். வாயிலிருந்து ஃபில்டர் வரை குழாய் மெல்ல விரிய வேண்டும், எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே 7 முதல் 10 டிகிரி போதும். சட்டென்று விரித்தால் காற்று சுவரை விட்டுப் பிரிந்து சுழலும், வேகம் அழுத்தமாக மாறாமல் வெறும் சூடாக மாறி வீணாகும். ஃபில்டர் பரப்பை இடம் கிடைக்கும் மட்டும் பெரிதாக்குங்கள்.

பலன் தெரிய ஒரு சுலபமான வழி: உபரி வேகமானி ஒன்றை எடுத்து, பிட்டாட் குழாய் (எதிர்க்காற்றின் அழுத்தத்தைப் பிடிக்கும் குழாய்) போகும் துளையில் ஃபில்டருக்குப் பின்னால் இருந்து ஒரு ட்யூப், ஸ்டாட்டிக் துளைக்கு விமானத்தின் ஸ்டாட்டிக் லைன் (அசையாத வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கொண்டுவரும் குழாய்). விமானத்தின் சொந்த வேகமானி 160 நாட் (விமான வேகத்தின் அளவு) காட்டும்போது இது 140 காட்டினால் 140-ஐ 160-ஆல் வகுத்து வர்க்கம் எடுங்கள். 77 சதவீதம் உள்ளே வந்து சேர்கிறது என்று அர்த்தம்.

ரோடாக்ஸ் 912 இன்ஜின் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. அதன் பிங் கார்புரேட்டரில் பெட்ரோல் நிற்கும் ஃப்ளோட் கிண்ணத்துக்குக் காற்று போகும் வென்ட் குழாய்க்கும் காற்றுப்பெட்டிக்கும் ஒரே அழுத்தம் இருக்க வேண்டும். பெட்டியில் ராம் அழுத்தம் ஏறி, வென்ட் மட்டும் வெளிக்காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தால் பெட்ரோல் குறைந்து கலவை மெலிந்துவிடும். ஒரு சாண் அழுத்தத்துக்கு ஆசைப்பட்டு இன்ஜினைச் சுட்டுவிடாதீர்கள்.

கார்ப் ஹீட் (கார்புரேட்டரில் பனி பிடிக்காமல் சூடான காற்று விடும் ஏற்பாடு) இழுத்தால் வரும் காற்று பெரும்பாலும் ஃபில்டர் வழியாக வருவதில்லை. மண் ஓடுதளத்தில் நிற்கும்போது சோதனைக்கு மேல் அதை இழுத்து வைக்க வேண்டாம்.

ஃபில்டர் வைத்தால், அது அடைத்துக்கொண்டால் திறந்து காற்று விட ஒரு மாற்று வழிக் கதவும் கட்டாயம்; மாப்பிள்ளை எடுத்துவிட்ட நேர்க்காற்றுக் கதவு வேறு, இது வேறு. மழை விட்ட சாயங்காலம் ஈசல் கிளம்பி வண்டி ரேடியேட்டரை அடைத்ததைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. பனியும் அப்படி அடைக்கும். அந்தக் கதவு ஃபில்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருக்க வேண்டும், ரப்பர் இறுக்கமாக உட்கார வேண்டும், மேலே சொன்ன கிரீஸ் சோதனை அதற்கும் உண்டு. மாப்பிள்ளையின் நண்பர் ஒருவர் அதை ஃபில்டருக்கு முன்னால் வைத்த படத்தை அனுப்பினான். அங்கே நடு ராத்திரி என்றும் பார்க்காமல் போன் போட்டுவிட்டேன்.